24 பள்ளம், கிண்ணக் கல், பெயர்ப்பலகை இல்லை: அந்தப் பழைய மிஷின் என்ன, அதில் என்ன செய்யலாம்

கேள்வி சுருக்கமாக இதுதான். மூடிவிட்ட ஒரு டை (அச்சு) செய்யும் பட்டறையிலிருந்து எடைக்கு வாங்கிய, மேசைமேல் வைக்கும் அளவு மிஷின். வார்ப்பிரும்பு உடல். ஒரு பக்கம் கிண்ணம் போன்ற சாணைக்கல், எதிர்ப்பக்கம் டிகிரி கோடு வெட்டிய மூன்று வட்டங்கள் உள்ள ஒரு தலை. தலையின் பின்னால் ஒரு வளையத்தில் 24 பள்ளங்கள்; கையால் சுற்றினால் ஒரு பின் ஒவ்வொன்றிலும் 'டக்'கென்று விழுகிறது. பெயர்ப்பலகை கழன்று போயிருக்கிறது. வால்வு அரைக்கும் மிஷின் என்கிறார் ஒருவர், லேத் டூல் சாணை என்கிறார் இன்னொருவர். எது சரி? எதற்கு உதவும்? வீட்டு சிங்கிள் பேஸில் ஓடுமா?

இருவர் சொன்னதும் சரியில்லை. இது சிங்கிள்-லிப் கட்டர் கிரைண்டர். டை பட்டறைகளில் டி-பிட் கிரைண்டர் என்றும், வெறுமனே கட்டர் கிரைண்டர் என்றும் சொல்வார்கள். எழுத்து வெட்டும் பேண்டோகிராஃப் மிஷினுக்கு வேண்டிய ஒற்றை வெட்டுமுனைக் கட்டர்களைத் தீட்டுவதற்கென்றே பிறந்த மிஷின்.

பழைய சாணை மிஷின் எது கிடைத்தாலும் கல்லைப் பார்த்துப் பெயர் வைத்தால் ஏமாந்துபோவோம். கல் மாற்றக்கூடியது; யாரோ எப்போதோ கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். கருவியைப் பிடிக்கிற பக்கத்தைப் பாருங்கள். வால்வு ரீஃபேசரில் (வால்வு அரைக்கும் மிஷின்) வால்வைப் பிடிக்கும் சக் தானாகச் சுழலும். அதற்குத் தனி மோட்டாரோ பெல்ட்டோ இருக்கும், 30, 45 டிகிரியில் அடையாளம் இருக்கும், குளிர்விக்கும் எண்ணெய்க்குத் தொட்டி இருக்கும். உங்கள் தலையைக் கையால்தான் சுற்ற முடிகிறது, தொட்டியும் இல்லை. கார்பைடு லேத் டூல் தீட்டும் மிஷினில் இரு பக்கமும் கிண்ணக் கல், ஒவ்வொன்றின் முன்பும் சாய்க்கக்கூடிய தட்டையான மேசை, அதில் கோணமானி ஓட ஒரு காடி. உங்களிடம் மேசையே இல்லை. செகந்திராபாத் பிராகா போன்ற நிறுவனங்கள் செய்த யுனிவர்சல் டூல் அண்ட் கட்டர் கிரைண்டர் தரையில் நிற்கும் பெரிய ஆள். நீள மேசை, இரு முனையிலும் சென்டர், பல்லைத் தாங்கும் ஒரு விரல் எல்லாம் இருக்கும். கோலெட் (கட்டரின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் பிளவுக் குழல்) பிடிக்கும் சிறிய தலை, 24 பள்ளம், பின்னை விடுவித்தால் தடையின்றிச் சுழலும் ஸ்பிண்டில்: இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் அது கட்டர் கிரைண்டர்தான்.

இந்த அமைப்பைப் பரவலாக்கியது மியூனிக் நகரத்து டெக்கல் நிறுவனம். 1903-ல் ஃபிரீட்ரிக் டெக்கல் தொடங்கியது; கேமராவுக்கான காம்பூர் ஷட்டரால் புகழ்பெற்று, பின்னர் மில்லிங், பேண்டோகிராஃப் மிஷின்களிலும் பெயர் எடுத்தது. அவர்களுடைய எஸ்ஓ மாடல் கட்டர் கிரைண்டரை அப்படியே பின்பற்றி இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் அலெக்சாண்டர் நிறுவனம் செய்தது. சீனாவிலும் தைவானிலும் இன்றும் யு2, யு3 என்ற பெயர்களில் வருகிறது. பெயர்ப்பலகை இல்லாதபோது உங்களுடையது மூலமா நகலா என்று அலைய வேண்டாம். வேலைக்கு அது முக்கியமில்லை. பேரிங்கின் நிலையும் கோலெட் இருக்கிறதா என்பதும்தான் முக்கியம்.

இனி அந்த மூன்று வட்டங்கள். யு2 வகையில் அளவுகள் இப்படி இருக்கும். செங்குத்து அச்சில் தலை முழுதாகத் திரும்புவது கூம்புக் கோணம், 0 முதல் 180 டிகிரி வரை. தலை மேலும் கீழும் சாய்வது கிளியரன்ஸ் கோணம் (வெட்டுமுனைக்குப் பின்னாலுள்ள பகுதி உரசாமல் விலகி நிற்கும் சாய்வு), 0 முதல் 45 வரை. மூன்றாவது, எதிர்ச்சாய்வுக்கானது, 0 முதல் 26 வரை. கோலெட் 18 மி.மீ. தண்டு வரை பிடிக்கும், 25 மி.மீ. விட்டம் வரையான கட்டரைத் தீட்டலாம். கல் 100 மி.மீ. விட்டம், 50 மி.மீ. உயரம், 20 மி.மீ. துளை, வேகம் 5,200 ஆர்.பி.எம். பள்ளம் ஏன் 24? ஒரு பள்ளத்துக்கு 15 டிகிரி. 2, 3, 4, 6, 8 வெட்டுமுனை உள்ள கட்டர் எல்லாம் மீதமின்றி வகுபடும். 5 பல் கட்டரை இதில் பிரிக்க முடியாது.

மின்சாரம் கொடுக்கும் முன் கையால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கல் ஸ்பிண்டிலைச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல் இருந்தால் பேரிங் போய்விட்டது. டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் அளவி) ஸ்பிண்டில் மூக்கில் வைத்துச் சுற்றும்போது 0.005 மி.மீ.க்குள் நின்றால் நல்ல நிலை, 0.02 காட்டினால் மெல்லிய கட்டர்முனை ஒவ்வொரு சுற்றிலும் பொடியும். அடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்த நேரான ஒரு தண்டைக் கோலெட்டில் பிடித்து, வாயிலிருந்து 20 மி.மீ. தள்ளி டயலை வையுங்கள். 0.02-க்கு மேல் போனால் கோலெட்டைக் கழற்றி, அதன் கூம்பையும் ஸ்பிண்டில் உட்புறத்தையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் உலர்ந்த சாணைத்தூள்தான் காரணமாக இருக்கும். டிகிரி வட்டங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்; கோடு அழிந்தால் மிஷினில் பாதி மதிப்பு போச்சு. எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பித்தளைத் தகட்டின் ஓரத்தால் துருவைச் சுரண்டினால் போதும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். அது தூளை ஸ்லைடுக்குள் அனுப்பிவிடும்.

கல்லுக்கு வருவோம். பழைய மிஷினோடு வந்த கல்லை நம்பி ஓட்டவே கூடாது. கழற்றி, துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், அந்தக் கல் குப்பைக்குத்தான். எண்ணெய் ஊறிய கல்லும் அப்படியே மொத்தென்றுதான் ஒலிக்கும். அதையும் பயன்படுத்தக் கூடாது. புதிய கல் மாட்டும்போது இரு பக்கமும் அட்டை வாஷர் வேண்டும், நட்டைக் கல் நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும்.

வேகக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். 100 மி.மீ. கல் 5,200 ஆர்.பி.எம்.மில் ஓடினால் விளிம்பு வேகம் வினாடிக்கு சுமார் 27 மீட்டர். சாதாரண விட்ரிஃபைடு (சுட்ட களிமண் பிணைப்பு) கிண்ணக் கல்லின் எல்லை பெரும்பாலும் 33-35 மீட்டருக்குள் அச்சிடப்பட்டிருக்கும். யாராவது 'கொஞ்சம் பெரிய கல்' என்று 150 மி.மீ. மாட்டினால் அதே ஸ்பிண்டிலில் விளிம்பு வேகம் 41 மீட்டர் ஆகிவிடும். எல்லையைத் தாண்டி, கல் வெடிக்கக்கூடிய வேகம் அது. மோட்டார் மாற்றப்பட்டிருந்தால் புல்லி விட்டங்களை அளந்து, 2,850 ஆர்.பி.எம். மோட்டாருக்கு விகிதம் 1.8-ஐத் தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 60 முதல் 80 கிரிட் (துகளின் அளவு), கல்லின் கடினம் ஜே அல்லது கே என்ற எழுத்து. சென்னையில் 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் போன்ற நிறுவனங்களின் முகவர்களிடம் விட்டம், உயரம், துளை, இந்த எழுத்துகள் நான்கையும் சொல்லிக் கேட்டால் போதும். கார்பைடுக்குப் பச்சை சிலிக்கான் கார்பைடு கல் தேய்த்துக் குறைக்க மட்டும். முடிப்புக்கு ரெசின் பிணைப்பு டைமண்ட் கிண்ணக் கல். டைமண்ட் கல்லில் எஃகைத் தீட்டக் கூடாது. சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்புக்குள் கரைந்து, விலையுயர்ந்த கல் சீக்கிரமே மழுங்கிவிடும். கார்பைடு தூளில் கோபால்ட் இருக்கும், முகக்கவசம் இல்லாமல் அதைத் தீட்டாதீர்கள்.

கிண்ணத்தின் விளிம்பு முழு அகலத்துக்கும் கட்டரைத் தொட்டால் சூடுதான் மிஞ்சும். உட்பக்கத்தைச் சரிவாகத் தேய்த்து, தொடும் விளிம்பு 3-4 மி.மீ. மட்டும் நிற்கும்படி விடுங்கள். முகத்தைச் சமமாக்க ஒரு நல்ல வழி உண்டு: கல் முகத்தைச் சீவும் டைமண்ட் டிரெஸ்ஸரைக் கோலெட்டிலேயே பிடித்து, மிஷினின் ஸ்லைடாலேயே கல் முகத்தின் குறுக்கே ஓட்டுங்கள், ஒரு ஓட்டத்துக்கு 0.02 மி.மீ. கட்டர் ஓடும் அதே பாதையில் கல்லும் சமமாகிவிடுவதால் கோணம் பிசகாது.

இப்போது முக்கிய வேலை, ஒரு சிங்கிள்-லிப் கட்டரை வெற்றுத் தண்டிலிருந்து செய்வது. 6 மி.மீ. ஹைஸ்பீடு ஸ்டீல் தண்டு, பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்ட, பக்கச்சரிவு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தட்டை முகம். கூம்புக் கோணத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னைப் பூட்டி, முனையிலிருந்து சுமார் 15 மி.மீ. நீளத்துக்குத் தண்டைப் பாதியாக அரையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு 0.05 மி.மீ.க்கு மேல் ஊட்ட வேண்டாம். மைக்ரோமீட்டரில் 3.05 வந்ததும் நிறுத்துங்கள். அந்தக் கடைசி 0.05-ஐ எல்லாம் முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். இப்போதே எடுத்தால் பிறகு கூம்பு அரைக்கும்போது வரும் பிசிறை நீக்க இடம் இருக்காது.

அடுத்து கூம்பு. தலையை 29 டிகிரிக்குச் சற்று மேல், 29.15-ல் வையுங்கள். 30 வேண்டும் என்றால் 30-ல்தானே வைக்க வேண்டும் என்று தோன்றும். கிளியரன்ஸ் வைத்து அரைக்கும்போது வெட்டுமுனையின் கோணம் நாம் வைத்ததைவிடக் கொஞ்சம் கூடிவிடும். வைக்க வேண்டிய கோணத்தின் டேன்ஜெண்ட், வேண்டிய கோணத்தின் டேன்ஜெண்டைக் கிளியரன்ஸின் கொசைனால் பெருக்கியது. 30-க்கும் 15 டிகிரி கிளியரன்ஸுக்கும் கணக்கிட்டால் 0.577 x 0.966 = 0.558, அதாவது 29.15 டிகிரி. சாதாரண பெயர்ப்பலகை வேலைக்கு இந்த வித்தியாசத்தை விட்டுவிடலாம். டை வேலையில், ஒரே பள்ளத்தை இரண்டு கட்டரால் தொடர்ந்து வெட்டும்போது, விட்டால் இணைப்பில் கோடு விழும்.

பின்னை வெளியே இழுத்து, தலையைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கூம்பை அரையுங்கள். பிறகு வெட்டுமுனை கல்லுக்கு நேராக வரும் பள்ளத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து சரியாக ஒரு பள்ளம் திருப்பிப் பூட்டுங்கள். வெட்டுமுனை கல்லைவிட்டு விலகி, அதன் முதுகு கல்லை நோக்க வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் கட்டர் கெட்டுவிடும். சுற்றாமல், முன்னும் பின்னும் மட்டும் ஓட்டி, அரைபட்ட பட்டை வெட்டுமுனையைத் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். அதுதான் 15 டிகிரி கிளியரன்ஸ். எவ்வளவு ஊட்ட வேண்டும் என்பதையும் முன்பே அறியலாம்: அந்த இடத்தின் ஆரத்தை 0.034-ஆல் பெருக்குங்கள். 3 மி.மீ. விட்டம் உள்ள இடத்தில் அது 0.05 மி.மீ. பட்டை முனை வரை வந்ததா என்று கறுப்பு மார்க்கரைத் தடவிப் பாருங்கள். வெட்டுமுனையோரம் மயிரிழை கறுப்பு மிஞ்சினாலும் அங்கே கட்டர் வெட்டாது, தேய்க்கும்.

இத்தோடு விட்டால் முதுகின் மற்ற பகுதி இன்னும் உரசும். பின்னை விடுவித்து 0.1 மி.மீ. கூடுதலாக ஊட்டி, வெட்டுமுனைக்கு 30 டிகிரி முன்பே, அதாவது இரண்டு பள்ளம் முன்பே, நிறுத்திச் சுற்றி அரையுங்கள். கிளியரன்ஸ் பித்தளைக்கு 15 முதல் 20 டிகிரி, எஃகுக்கு 10 முதல் 15, அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் 20 முதல் 25.

இப்போது தட்டை முகத்தை மறுபடி கல்லுக்குக் கொண்டுவந்து 3.05-ஐ 3.00 ஆக்குங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பாதிக்கு மேல் தடித்து நின்றால் வெட்டுமுனைக்குப் பின்னாலுள்ள பகுதி வெட்டுமுனையைவிட வெளியே நிற்கும். கட்டர் வெட்டாமல் கீச்சிடும், பள்ளத்தின் ஓரம் பளபளவென்று தேய்ந்திருக்கும், முனை நீலமாகும். பாதிக்குக் கீழே போனால் வெட்டும், ஆனால் முனை மெலிந்து எஃகில் ஒடியும். 0.02 மி.மீ. தவறு 6 மி.மீ. இடத்தில் தெரியாது, 0.3 மி.மீ. முனையில் அது பெரிய தவறு.

கூர்முனையை அப்படியே விடாதீர்கள். நுண்ணிய எண்ணெய்க் கல்லால் முனையை 0.2 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாக்கி, அதற்கும் பின்பக்கச் சரிவு கொடுங்கள். கோட்டின் அகலத்தை இதிலிருந்தே கணக்கிடலாம்: முனை அகலத்தோடு, ஆழத்தின் இரு மடங்கை 0.577-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 0.2 முனை, 0.1 ஆழம் என்றால் கோடு 0.32 மி.மீ.

சூடு பற்றி. பழைய பெட்டிகளில் கார்பன் ஸ்டீல் கட்டர்களும் கலந்து கிடக்கும். அவை நீலமானால் கடினம் போய்விட்டது, நீலப்பகுதி முழுவதையும் அரைத்துத் தள்ள வேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீல் அந்தச் சூட்டைத் தாங்கும். அதன் ஆபத்து வேறு. சூடாக இருக்கும்போதே தண்ணீரில் முக்கினால் மயிரிழை வெடிப்பு வரும். கார்பைடு இன்னும் மோசம். இரண்டையும் முக்காதீர்கள், குறைவாக ஊட்டிக் காத்திருங்கள். கல் பளபளத்து, பொறி குறைந்து, சத்தம் மாறினால் ஊட்டத்தைக் கூட்டாமல் கல்லை டிரெஸ் செய்யுங்கள்.

பேண்டோகிராஃப் இல்லாதவர்களுக்கும் இது வீண் இல்லை. டிரில் பிட்டை நாலு முக முறையில் (முனையில் நான்கு தட்டை முகங்கள்) தீட்ட இதைவிட வசதி இல்லை: 59 டிகிரி அரைக்கோணம், சாய்வு 10 டிகிரி, ஒரு பக்கம் அரைத்து 12 பள்ளம் தள்ளி மறுபக்கம், பிறகு சாய்வை 25 ஆக்கி இரு பக்கமும், இரண்டாம் முகங்கள் நடுவில் ஒரு புள்ளியில் சந்திக்கும் வரை. சென்டர் பஞ்ச் இல்லாமலே அந்த டிரில் நடுவில் இறங்கும். எண்ட் மில்லின் அடிப்பற்களை நன்றாகத் தீட்டலாம். பக்கச் சுருள் பற்களுக்குத் தனி இணைப்பு வேண்டும். அது இல்லாமல் முயலாதீர்கள், விட்டமும் கெடும், சுருளும் கெடும். உருண்டை முனைக் கட்டருக்கு, முனை தலையின் சுழல் அச்சைத் தாண்டி ஆரத்தின் அளவு நீட்டி நிற்கும்படி பிடித்து, கல்லின் முகத்தையும் அதே தூரத்தில் நிறுத்தி, தலையை 90 டிகிரி வீசினால் வட்டம் வந்துவிடும். ஒரு கோலெட்டில் தடித்த ஊசியைப் பிடித்துத் தலையை வீசும்போது அதன் முனை இடம்பெயராமல் நின்றால், அச்சு அங்கேதான்.

உங்களுக்குத் தொல்லை தரப்போவது கோலெட். பின்புறம் மரை உள்ள, இழுத்து இறுக்கும் வகை. பழைய மிஷினோடு பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் வரும். உடல் விட்டம், பின்மரையின் விட்டமும் பிட்ச்சும், முன்கூம்பின் கோணம் மூன்றையும் அளந்த பிறகே வாங்குங்கள். யு2 கோலெட் என்று கேட்டால் 4, 6, 8, 10, 12 மி.மீ. செட்டாகக் கிடைக்கும், ஆனால் உங்கள் ஸ்பிண்டிலில் அது சேருமா என்பதை அந்த மூன்று அளவுகள்தான் சொல்லும். சேராவிட்டால் கோவையிலோ அம்பத்தூரிலோ டூல்ரூம் வேலை செய்பவர்களிடம் ஸ்பிரிங் ஸ்டீலில் கடைந்து, கடினப்படுத்தி, கூம்பை அரைத்து வாங்கலாம். 6 மி.மீ. ஒன்றை முதலில் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான வேலை அதில் முடியும்.

கடைசியாக மின்சாரம். மோட்டார் தகட்டில் 220/380 என்று இருந்தால் அது த்ரீ பேஸ் மோட்டார். ஸ்டார், டெல்டா என்பவை மோட்டார் சுருள்களை இணைக்கும் இரு முறைகள். நம் ஊர் 415 வோல்ட் த்ரீ பேஸில் ஸ்டாரில் இணைக்க வேண்டும். டெல்டாவில் இணைத்தால் புகைந்துவிடும். சிங்கிள் பேஸ் மட்டுமே உள்ள வீட்டில், 230 வோல்ட் உள்ளே வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸ் வெளியே தரும் டிரைவ் ஒன்றைப் போட்டு, மோட்டாரை டெல்டாவில் இணையுங்கள். டிரைவில் உச்ச அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸில் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது குமிழைத் திருப்பி மேலே சொன்ன 35 மீட்டர் எல்லையைத் தாண்டிவிடுவார்கள். 380 மட்டும் எழுதியிருந்தால், கால் ஹெச்.பி. அல்லது 1/3 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் மாற்றுவது மலிவு. எதுவானாலும் ரப்பர் உறையிட்ட பழைய ஒயரை முழுவதும் எடுத்துவிட்டு, உடலுக்கு எர்த் கொடுத்து, மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) 500 வோல்ட்டில் காப்பு 1 மெகா ஓமுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். முதல் ஓட்டத்தில் கல்லுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்.